கரையில் இருந்த பூட்ஸ்

செத்தவர் காலில் பூட்ஸ் மாட்டுவது அத்தனை சுலபமில்லை. லாங்மீட் சத்திரத்து வண்டிக் கொட்டகையில் கான்ஸ்டபிள் ஸ்ப்ரேக் குனிந்து, வியர்க்க விறுவிறுக்க, மேசைமேல் கிடத்தியிருந்த வண்டியோட்டி ஆமோஸின் வலது காலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் நீட்டுங்க அண்ணே," என்று ஆமோஸையே கெஞ்சினார், பாவம்.

விடியலில் ஓடையில் கிடந்த ஆமோஸைத் தூக்கி வந்தவர் அவர்தான். பூட்ஸ் இரண்டும் கரையில் ஜோடியாக இருந்தன. உள்ளே சுருட்டிய காலுறை, அதன்மேல் சங்கிலிக் கடிகாரம். ஊரில் யாரைக் கேட்டாலும் இதற்கு ஒரே அர்த்தம்தான் சொல்வார்கள். தானே உயிரை விட்டார் என்று மரண விசாரணை அதிகாரி எழுதிவிட்டால் போயிற்று: தேவாலய மணி அடிக்காது, பாதிரியார் ஜெபம் சொல்ல மாட்டார். ஆமோஸின் மனைவி ஹெஸ்தர் அதைத் தாங்குவாளா? பூட்ஸ் காலிலேயே இருந்தால் தவறி விழுந்தார் என்று ஆகிவிடும். பக்கத்து ஊருக்கு வந்திருந்த அதிகாரி, இன்று மூன்று மணிக்கே இந்தச் சத்திரத்தில் விசாரணை என்று சொல்லியனுப்பிவிட்டார்.

சத்திரக்காரி டோர்கஸ் எட்டிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, ஆளு நனைஞ்சிருக்காரு, பூட்ஸ் காய்ஞ்சிருக்கு. பாக்கிறவன் சிரிக்க மாட்டானா?"

வாளித் தண்ணீர் வந்தது. ஸ்ப்ரேக் ஊற்றினார்.

"இப்பச் சரியாக்கா?"

"எல்லாம் சரி. இடது பூட்ஸ் வலது கால்ல இருக்கு."

நனைந்த தோல் இறுகிவிட்டிருந்தது. இழுத்தால் ஆமோஸ் முழுசாகவே மேசையைவிட்டு இறங்கி வரப் பார்த்தார். அதற்குள் வாசலில் குதிரை வண்டிச் சத்தம்.

அதிகாரி திர்க்கெல் இளகிய மனசுக்காரர். அவரோடு பன்னிரண்டு ஜூரிகளும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பிணத்தைச் சுற்றி நின்றார்கள். சட்டப்படி கண்ணால் பார்த்தாக வேண்டும். முகத்தைப் பார்த்தார்கள். பூட்ஸைப் பார்த்தார்கள். பிறகு பன்னிரண்டு பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

சத்திரத்துக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்ததும் அதிகாரி செருமினார்.

"ஓடையில முழங்கால் தண்ணிதானே? வெறுங்காலா இருந்தா, எதுக்கோ இறங்கினாரு, மயங்கி விழுந்தாருன்னு எழுதிடலாம். இவரு பூட்ஸோட இறங்கியிருக்காரு. திரும்பி வர நினைக்கிறவர் அப்படிப் போவாரா? அதுவும் கால் மாத்திப் போட்டுக்கிட்டு?"

வேலை போனாலும் போகட்டும் என்று ஸ்ப்ரேக் எழுந்தார்.

"ஐயா, நான்தான் மாட்டிவிட்டேன். கரையில இருந்துச்சு."

"கரையில கழட்டிப் போட்டிருந்தாரா?"

"போடலைங்க. ஜோடியா வெச்சிருந்தாரு. காலுறையைச் சுருட்டி உள்ள வெச்சு, அதுமேல கடிகாரத்தை வெச்சு."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"வெறுங்கால்னா எழுதிடலாம்னு நினைச்சேனேப்பா. கடிகாரத்தையும் எடுத்து வெச்சுட்டுப் போனவரை நான் என்னன்னு எழுத?"

பேனாவை மையில் தோய்த்தார். தோய்த்தபடியே இருந்தார். எழுதக் கை வரவில்லை.

மூலையில் ஹெஸ்தர் எழுந்தாள். மனம் நோகுமே என்று அதுவரை ஊரில் ஒருத்தரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

"நான்தாங்க அப்படி வெக்கச் சொன்னேன். கீரை பறிக்கிறேன்னு பூட்ஸோடயே ஓடையில இறங்கிடுவாரு. போன மாசம் கடிகாரமும் நனைஞ்சு நின்னுபோச்சு. இனிமே எல்லாத்தையும் கரையில ஒழுங்கா கழட்டி வெச்சுட்டு இறங்குங்க, இல்லைன்னா வீட்டுப் பக்கம் வராதீங்கன்னுட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாப்பது வருஷத்துல இன்னிக்குத்தாங்க என் பேச்சைக் கேட்டிருக்காரு."