வீட்டிலேயே பெற்றிருக்கலாம்

எனக்கு எழுபத்துமூன்று வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஆறு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். சண்டைக் காலத்தில் மன்னார்க் கரையில் ஆறு பெற்று ஆறையும் மிச்சம் வைத்திருந்த வீடுகள் எத்தனை என்று விசாரித்துப் பாருங்கள். (விசாரித்துவிட்டு என்னிடம் வந்து சொல்லுங்கள். நானும் ஒருமுறை விசாரிப்பேன்.)

இது எப்படி முடிந்தது என்று கேட்டால் என்னிடம் ஒரே பதில்தான். நான் யாரையும் நம்பவில்லை. பள்ளிக்கூடம் எனக்கு இரண்டாம் வகுப்போடு சரி. என் பெயரை எழுதுவேன், செபப் புத்தகத்தில் பெரிய எழுத்தாக இருந்தால் கூட்டி வாசிப்பேன். ஆனால் ஓர் ஆள் வேலிப் படலையைத் திறக்கும்போதே என்ன நினைத்துக்கொண்டு வருகிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். மீன் வியாபாரியின் தராசை நம்பமாட்டேன். வானொலிச் செய்தியை நம்பமாட்டேன். "இனிச் சண்டை வராது" என்று சொன்னவர்களை, எந்தப் பக்கத்து ஆட்களாக இருந்தாலும், நம்பவே மாட்டேன். அப்படிப்பட்ட நான்தான் ஐந்தாவது பிள்ளையைப் பெறப் போன இடத்தில் எல்லோருக்கும் முன்னால் மானத்தை விட்டேன்.

முதல் நாலு பிள்ளைகளும் வீட்டில்தான் பிறந்தார்கள். எங்கள் கிராமம் வங்காலைக்கு அங்கால், கடலோரம். மதலேனாக்கா என்ற மருத்துவிச்சிதான் வந்து பார்ப்பார். நாலாவது பிறந்தபோது எனக்கு ரத்தம் நிற்காமல் போனது. மதலேனாக்கா எதை எதையோ செய்து நிறுத்தினார். நான் மாதக்கணக்கில் வெளிறிப்போய்க் கிடந்தேன். பிறகு நாட்டு நிலைமை மோசமாக, மதலேனாக்கா மகனோடு படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டார். நான் மறுபடி வயிற்றோடு நின்றேன்.

இனி என்ன செய்வது? இரண்டு வழி இருந்தது. ஒன்று, வீட்டிலேயே என் மாமியின் கையால் பெறுவது. மாமி ஆடுகளுக்குப் பிள்ளைப்பேறு பார்த்துப் பழக்கப்பட்டவர். ("ஆடும் மனிசரும் உள்ளுக்கு ஒண்டுதான் பிள்ளை" என்பார்.) பார்வை கொஞ்சம் மங்கல். தொப்புள்கொடியை வெட்டச் சொன்னால் எதைப் பிடித்து வெட்டுவாரோ என்று எனக்கு ஐயம். இரண்டாவது, சோதனைச்சாவடி தாண்டி இருந்த பிள்ளைப்பேற்று விடுதி. சின்ன ஓட்டுக் கட்டடம், நாலு கட்டில், மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் ஒரு தாதி.

அந்த மிஸ்ஸி சைக்கிளில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அம்மா, போனமுறை உங்களுக்கு ரத்தம் போனது தெரியுந்தானே. இந்தமுறையும் போனா வீட்டில வச்சு என்னத்தால நிப்பாட்டுவீங்கள்?"

"மதலேனாக்கா நிப்பாட்டினவா."

"அவ இப்ப எங்க?"

"இந்தியாவில."

"அப்ப?"

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொதிக்கிற வெயிலில், மணல் பாதையில், ஒரு சொந்தக்காரிகூட வராத தூரத்துக்கு இவர் ஏன் மிதித்து வருகிறார்? என் வயிற்றில் இவருக்கு என்ன அக்கறை?

அவர் போனதும் இவர், என் வீட்டுக்காரர், வலையைப் பின்னிக்கொண்டே கேட்டார்: "என்ன யோசிக்கிறாய்?"

"அவவுக்கு ஏதோ லாபம் இருக்கு."

"என்ன லாபம்?"

"அதுதான் யோசிக்கிறன்."

லாபம் என்னவென்று பக்கத்து வீட்டுப் பிலோமினாதான் கண்டுபிடித்துக் கொடுத்தாள். வேலியில் சாய்ந்துகொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அக்கா, அங்க எல்லாப் பிள்ளையளையும் ஒரே வெள்ளைத் துணியில சுத்தி ஒரே மேசையில வரிசையா வைப்பினமாம். மாத்திக் குடுத்தா ஆருக்குத் தெரியும்? பிள்ளையில்லாத பெரிய இடத்து ஆக்களுக்கு நல்ல பிள்ளையாப் பாத்துக் குடுக்கிறதாம்."

"ஆர் சொன்னது?"

"ஆரோ சொன்னவை."

உலகத்தில் ஒருவரையும் நம்பாத நான் அந்த 'ஆரோ'வை நம்பினேன்.

ஆனாலும் ரத்தம் போன நினைவு இருந்தது. நான் போய்விட்டால் நாலும் தாயில்லாமல் நிற்கும். வீட்டில் பெற்றால் என் உயிர் போகலாம், விடுதியில் பெற்றால் பிள்ளை மாறிப்போகலாம். இதற்குள் எதைப் பிடிக்க? கரையில் போய் இருந்து யோசித்தேன். மணலில் வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு வலையின் மிதப்பிலும் அந்தந்த வீட்டுக் குறி. மிதப்புகளெல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். கடலில் அறுந்து எங்கே ஒதுங்கினாலும் குறியைப் பார்த்து உரியவரிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். எங்கள் வீட்டுக் குறி சிலுவை ஒன்று, அதன் கீழே இரண்டு கோடு. நீல நிறம்.

அங்கேயே முடிவெடுத்தேன். விடுதிக்குப் போவது. ஆனால் என் பிள்ளையைக் குறி போடாமல் விடுவதில்லை.

வள்ளத்துக்குப் பூசுகிற நீல மையில் கொஞ்சத்தை இருமல் மருந்துப் போத்தல் ஒன்றில் ஊற்றி, பிள்ளைத் துணிகளுக்குள் சுற்றி வைத்தேன். இவரிடமும் சொல்லவில்லை. (இவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் ரகசியம் நிற்காது.)

பிள்ளைக் குத்துத் தொடங்கியது ஒரு விடிகாலையில். சின்ன உழவு இயந்திரத்தின் பெட்டியில் பாய் விரித்து என்னை ஏற்றினார்கள். சோதனைச்சாவடியில் மறித்தார்கள். இளம் ஆமிக்காரன் ஒருவன் என் பையைக் கவிழ்த்தான். துணி, சீப்பு, செபமாலை, போத்தல். போத்தலைத் தூக்கி வெயிலில் பிடித்தான்.

"மொக்கத மே?" இது என்ன என்று கேட்டான்.

இவருக்குத் தெரிந்த நாலைந்து சிங்களச் சொல்லில் ஒன்று கைகொடுத்தது. "பெஹெத், மஹத்தயா." மருந்து என்று அர்த்தம்.

அவன் மூடியைத் திறந்து மணந்தான். முகம் மாறியது. போத்தலை இவரிடம் நீட்டி, குடித்துக் காட்டு என்று சைகை காட்டினான். அந்தக் காலத்தில் சாவடிகளில் அதுதான் சோதனை. தண்ணீரானாலும் பாலானாலும் கொண்டுவந்தவர் ஒரு மிடறு குடித்துக் காட்டவேண்டும். இவர் மறுபேச்சில்லாமல் போத்தலை வாங்கி வாயருகே கொண்டுபோய்விட்டார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

நான் அலறினேன். அந்த அலறலில் பாதி உண்மையான குத்து, பாதி இவருக்காக. பெட்டியில் புரண்டு, மாதாவைக் கூப்பிட்டு, கால்களை உதைத்தேன். ஆமிக்காரப் பொடியன் வெலவெலத்துப் போனான். தன் கண் முன்னாலேயே பிறந்துவிடும் என்று நினைத்திருப்பான். போத்தலைப் பறித்து மூடிப் பைக்குள் திணித்து, போ போ என்று கையை வீசினான்.

விடுதியில் போய் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் பெண்பிள்ளை பிறந்தது. பிறந்த கையோடு மிஸ்ஸி பயந்தபடியே ரத்தம் உடைத்துக்கொண்டு வந்தது. மிஸ்ஸி ஊசியோடு வந்தார்.

"என்ன ஊசி இது?"

"ரத்தம் நிக்கிறதுக்கு."

"ஒரேயடியா நிண்டிட்டா?"

"கதைக்காமப் படுங்கோ அம்மா."

போட்டார். பிறகு என் அடிவயிற்றை அமுக்கிப் பிடித்தபடி, வியர்வை வழிய, நெடுநேரம் அசையாமல் நின்றார். இந்த மிஸ்ஸி எதைத் தேடுகிறார் என்று நான் யோசித்துக்கொண்டு கிடந்தேன். ரத்தம் நின்றது.

பிள்ளையைத் துடைத்து என் பக்கத்தில் கிடத்திவிட்டு மிஸ்ஸி அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கே மலைநாட்டிலிருந்து வந்து மாந்தைப் பக்கம் குடியேறிய ஒரு பெண், அன்று காலைதான் ஆண்பிள்ளை பெற்றிருந்தாள். அவள் என் பிள்ளையை அடிக்கடி எட்டிப் பார்த்தாள். அவள் ஏன் பார்க்கவேண்டும்? தாமதிக்கக்கூடாது என்று போத்தலைத் திறந்து, ஆள்காட்டி விரலை முக்கி, பிள்ளையின் வலது உள்ளங்காலில் குறியைப் போட்டேன். போட்டு முடிப்பதற்குள் பிள்ளை உதைத்தது. அவசரமாகத் துணியைச் சுற்றிவிட்டேன். வள்ளத்து மை லேசில் காயாது என்பதும், துணிக்குள் ஒரு காலும் மற்றக் காலும் உரசும் என்பதும் என் மூளைக்கு எட்டவில்லை.

கொஞ்ச நேரத்தில் அடுத்த கட்டில்காரி சொன்னாள்: "அக்கா, பாப்பா காலு ரெண்டும் நீலமா இருக்குங்க."

"உனக்கேன் அது?" என்றேன்.

மிஸ்ஸிக்குக் கேட்டுவிட்டது. ஓடிவந்து துணியின் நுனியை விலக்கினார். பத்து விரலும் நீலம். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. மூச்சுக் குறைந்த பிள்ளைகளுக்குக் கைகால் நீலம் பாரிக்கும் என்பது எனக்கு அன்று தெரியாது. நாடி பார்க்க என் கையைப் பிடித்தார். நான் கையைப் போர்வைக்குள் இழுத்தேன். அவர் விடவில்லை. இழுத்து எடுத்தால் என் விரலும் நீலம்.

"றெஜினா," என்று உதவிக்காரியைக் கூப்பிட்டார். "தாய்க்கும் பிள்ளைக்கும் நீலம் பாரிக்குது. வான் வண்டியைக் கொண்டுவரச் சொல்லு. பெரியாஸ்பத்திரிக்குப் பிள்ளை முதல்ல போகட்டும்."

"எனக்கு ஒண்டுமில்லை மிஸ்ஸி," என்றேன்.

"அப்பிடித்தான் இருக்கும். எழும்பாதேங்கோ."

பிள்ளை முதலில் போகட்டுமாம். என்னைப் படுக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளையை வானில் ஏற்றுகிறார்களாம். பிலோமினா சொன்னது சொல்லுக்குச் சொல் நடந்துகொண்டிருந்தது.

றெஜினா வேதக்காரி, பயந்த சுபாவம். சாகக் கிடக்கிற பிள்ளைக்கு ஆபத்து ஞானஸ்நானம் யாரும் கொடுக்கலாம் என்று மறைக்கல்வியில் படித்தவள். செம்பில் தண்ணீர் எடுத்துவந்து, என் பிள்ளையின் தலையில் ஊற்றி, அவசரமாக மந்திரத்தைச் சொன்னாள். பெயர் வைக்கவேண்டிய இடத்தில் "சவிரிமுத்து" என்றாள். அவள் சற்றுமுன் குளிப்பாட்டியது அடுத்த கட்டில்காரியின் ஆண்பிள்ளையை. அதே நினைவில் ஆண்பெயர் தேட, வாயில் வந்தது றெஜினாவின் தகப்பன் பெயர்.

எனக்கு அது போதும். நான் பெற்றது பெண். இவர்கள் கையில் இருப்பது சவிரிமுத்து. மாற்றிவிட்டார்கள்.

எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. சேலையை அள்ளிப் பிடித்துக்கொண்டு போய் வாசலில் குறுக்கே நின்றேன்.

"வையுங்கோ என்ர பிள்ளையை. காலைக் காட்டுங்கோ."

"அம்மா, விழப்போறீங்கள். விலகுங்கோ."

"காலைக் காட்டினாத்தான் விலகுவன்."

மிஸ்ஸி அழாத குறையாகத் துணியை அவிழ்த்தார். வலது உள்ளங்காலில், கலங்கிப்போய், ஆனாலும் நான் அடையாளம் சொல்லக்கூடிய அளவில், சிலுவை இருந்தது. எனக்கு வந்த சந்தோசத்தில் அந்தக் கூடத்துக்கே கேட்கச் சொன்னேன்:

"இந்தா, இது என்ர பிள்ளைதான். பாருங்கோ எங்கட குறியை. நானே போட்டது. இனி ஒருத்தராலும் மாத்தேலாது."

றெஜினா கையில் செம்பு. வான்காரர் வாசலில். அப்போதுதான் இவர் எனக்குத் தேத்தண்ணீர் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். மிஸ்ஸி பிள்ளையின் காலை இவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"ஐயா, என்ன இது?"

இவர் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"எங்கட மிதப்புக் குறி மிஸ்ஸி. ஆனா கீழ ரண்டு கோடு வரவேணும். இதில ஒண்டுதான் கிடக்கு."

மிஸ்ஸி கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளையை மடியில் வைத்து, ஒரு கையால் தன் முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"ரண்டு உயிரும் போகுதெண்டு நினைச்சிட்டன் அம்மா," என்றார். ஏசியிருந்தால் நான் பதிலுக்கு ஏசியிருப்பேன். ஏசாமல் தேங்காய் எண்ணெயும் பஞ்சும் எடுத்து அந்தச் சின்னக் கால்களை விரல் விரலாகத் துடைத்தார். நான் கட்டிலில் போய்ப் படுத்து, சுவரைப் பார்த்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் ஒரு மனுசியை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது. (முழுக்க இல்லை. முக்கால்வாசி.) ஆறாவதையும் அவரிடம்தான் பெற்றேன். அந்தமுறை என் பையை ஆமிக்காரனைவிடக் கவனமாக அவர்தான் சோதித்தார்.

மை போனது. பெயர் போகவில்லை. கோயிலில் பாதரிடம் போய் வேறு பெயர் வைத்து இன்னொருமுறை தண்ணீர் ஊற்றச் சொன்னேன். "ஊத்தினது ஊத்தினதுதான் அம்மா, ஞானஸ்நானம் ஒருக்காத்தான்," என்றார். வீட்டில் முத்து என்று கூப்பிட்டுச் சமாளித்தோம். ஆனால் முத்துவின் கலியாணத்துக்கு முன் கோயிலில் ஓலை, அதாவது கலியாண அறிவித்தல், வாசிக்கும்போது முழுப்பெயரையும் வாசிப்பார்களே. மணமகன் அருள்தாஸ், மணமகள் சவிரிமுத்து என்று பாதர் வாசித்ததும் கோயில் முழுக்கத் திரும்பி எங்களைப் பார்த்தது. எங்கள் பக்கத்தில் அதைப் போல ஓர் ஓலை அதற்கு முன்னும் வாசித்ததில்லை, பின்னும் வாசித்ததில்லை. இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளை பிறந்தால், எந்த நாட்டிலிருந்து தொலைபேசி வந்தாலும் முதல் கேள்வி ஆணோ பெண்ணோ என்பதில்லை. "கால் என்ன நிறம்?" என்றுதான் கேட்பார்கள்.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதியது முத்துவின் மகள். எழுதி முடித்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப அம்மம்மா, பேசாம வீட்டிலயே பெத்திருக்கலாமோ?"

"பெத்திருக்கலாம். உன்ர அம்மாவுக்கு நல்ல பேரா ஒண்டு கிடைச்சிருக்கும். வச்சுக் கூப்பிட நான் இருந்திருக்க மாட்டன்."

அவள் அதையும் எழுதினாள். எழுதும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். ஏன் சிரிக்கவேண்டும்?

"எங்க பிள்ளை, முதல்ல இருந்து வாசி. ஆறுதலா வாசி. நான் சொன்னதைத்தான் எழுதினியோ, உன்ர அம்மா சொல்லித் தந்ததை எழுதினியோ எண்டு பாப்பம்."