முணுமுணு ஆசாரி இறங்காத குதிரை

மலாயாவில் ஜொகூர் மாநிலம் முழுக்கத் தேடினாலும், மரத்திடம் அனுமதி கேட்டு, அது சம்மதிக்கும்வரை உளியைத் தொடாத தச்சர் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் செடெனாக் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் இருந்தார். பெயர் யாருக்கும் தெரியாது. பொழுதுக்கும் பலகையோடு பேசிக்கொண்டிருந்ததால் முணுமுணு ஆசாரி. துரைக்கு நாற்காலி செய்து கொடுத்தபோது, மரம் இன்னும் கோபமாக இருக்கிறது, பார்த்து உட்காரச் சொல்லுங்கள் என்றார். துரை கடைசிவரை அதில் தொப்பியைத்தான் வைத்தார்.

என் கணவர் அங்கே கணக்கு எழுதும் கிராணி. எங்கள் மகள் தங்கத்துக்கு ஆடும் மரக்குதிரை ஒன்று கேட்டோம். காற்றில் சாய்ந்த பலாமரத்தை அறுத்து, இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லாமல் மர ஆணியாலேயே பொருத்திக் கொடுத்தார். வாலுக்குத் தேங்காய் நார். காது விடைத்து நின்றது. கண் மட்டும் இல்லை. அந்த இடம் வழுவழுவென்று இருந்தது.

கண்ணை மறந்துவிட்டீர்களா என்று அவரிடம் கேட்டேன்.

"மறக்கலம்மா. கோயில் குதிரைக்குக் கடைசியாத்தான் கண்ணு தொறப்போம். தொறந்துட்டா அதுக்கு வழி தெரிஞ்சிரும். பிள்ளைய ஏத்திக்கிட்டுப் போயிரும்."

அவர் தம் மகளுக்குச் செய்த குதிரைக்குக் கண் இருந்ததாம். உளியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

என் கணவர் சிரித்தார். தங்கத்துக்கோ குதிரை குருடு என்று ஒரே அழுகை. ஒரு மத்தியானம் என் மைச்சிமிழை எடுத்துப் போய் அவளே கண் எழுதிவிட்டாள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது.

அன்று சாயங்காலமே அவளுக்குக் காய்ச்சல். கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தில் பல பிள்ளைகளைக் கொண்டுபோன அதே காய்ச்சல். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் கொய்னா மருந்து கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார். காற்றே இல்லாத வராந்தாவில் குதிரை தானாக ஆடியது. எலி என்றார் என் கணவர். ஆனால் வெளியே போக அவர் பின்கதவைத்தான் திறந்தார். நான் குதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். கஞ்சியோடு திரும்பி வந்தால் அது வாசலைப் பார்த்து நின்றது.

ஆசாரிக்கு ஆள் அனுப்பினேன். வந்தவர் திட்டவில்லை. தொறந்த கண்ணை அழிக்கக் கூடாது என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதிரைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். முழங்கால் இரண்டும் அவர் காதையே தொட்டன.

"ஆளு ஏறிட்டா இன்னொரு ஆளுக்கு எடமில்லல்ல, கிராணியம்மா."

சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதன்மேல்தான். குதிரையிடம் முணுமுணுவென்று ஏதோ சொல்லிக்கொண்டே ஆடினார். கணவரைத் தேடி வந்த துரை அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்பினார். ஆசாரி கொல்லைப்பக்கம் போகும்போதெல்லாம் அவர் இடத்தில் என் கணவர் உட்கார வேண்டும். எலியைப் பற்றிப் பேசாமல் அவரும் உட்கார்ந்தார்.

ஒரு நடுப்பகலில் தங்கத்துக்கு வியர்த்தது. பசிக்கிறது என்றாள். ஆசாரி இறங்கினார், கால் நிமிரவில்லை. வரட்டுமா என்று கேட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே போனார்.

அதே வாரம் அதே காய்ச்சலில் அவர் போய்விட்டார்.

பிள்ளையைக் காப்பாற்றியது கொய்னாதான் என்றார் டிரெஸர். இருக்கட்டும். இன்று அந்தக் குதிரையில் தங்கத்தின் பிள்ளைகள் ஆடுகிறார்கள். இத்தனை வருஷமாகியும் அந்த மை போகவில்லை. ஒவ்வொரு முறையும் பிள்ளையை ஏற்றிவிடுமுன் குனிந்து அதன் காதில் சொல்வேன்.

"ஆசாரி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. நம்ம பிள்ளைதான்."