நின்ற இடத்திலேயே யூட்டா வரை

கியர்னி, நெப்ராஸ்கா
மார்ச் 14

அன்புள்ள மில்லி அக்காவுக்கு,

தம்பி நார்பர்ட் எழுதுவது. உன் இடுப்பு வலி தேவலையா, டுலூத்தில் ஏரிப்பனி உருக ஆரம்பித்துவிட்டதா, தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்க உன்னை மறுபடி உட்கார விட்டார்களா என்பதையெல்லாம் பதிலில் விவரமாக எழுது. இங்கே கொரினும் அவள் பெண்கள் இருவரும் சௌக்கியம். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் உன்னிடம் ஓர் உதவி கேட்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் கேவலமான உதவி என்பதால் கடைசியில்தான் கேட்பேன். நீ நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய்விடாதே.

எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. ஐம்பத்தோரு வயது வரை ஒண்டிக்கட்டையாக இருந்தவன் திடீரென்று மூன்று பெண்கள் இருக்கும் வீட்டில் குடியேறினால் எப்படி இருக்கும் என்று நீதான் அப்போதே கேட்டாய். இருபத்தாறு வருஷமாகக் கடைத் தராசுகளையும் பெட்ரோல் பங்குகளையும் சோதித்து முத்திரை வைப்பவன் நான். ஒரு கேலன் என்றால் ஒரு கேலன், ஒரு சொட்டுக் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். இந்த வீட்டில் நான் சரியாக இருக்கிறேனா, கூடுதலாக இருக்கிறேனா என்று பார்க்கத்தான் எடைக்கல் எதுவும் கிடைக்கவில்லை. சின்னவள் ஹேட்டிக்கு ஒன்பது வயது, வாணலியில் பான்கேக் திருப்பத் தெரிந்த யாரையும் அவளுக்குப் பிடிக்கும். பெரியவள் மேரனுக்குப் பதினைந்து. அவள் என்னிடம் மரியாதையாக நடந்துகொள்கிறாள், அந்த மரியாதைதான் பயமாக இருக்கிறது. உப்பை நகர்த்தினால் "நன்றி, நார்பர்ட்" என்பாள், வங்கிக் கவுண்டரில் சொல்வதுபோல.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், ஹேட்டி ஏதோ பத்திரிகையிலிருந்து ஒரு படத்தைக் கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டினாள். யூட்டாவில் சிவப்புக் கல்லில் தானாக உண்டான ஒரு பெரிய வளைவு, அதற்குள் ஆகாயம். சாப்பிடும்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "ஏப்ரல் லீவுல அங்க போயிட்டு வந்தா என்ன?" என்று கேட்டுவிட்டேன். மேரனின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. "சும்மா சொல்றீங்களா, நெஜமாவா?" என்றாள். "நெஜமாத்தான்" என்றேன். அன்றைக்கு உப்பை அவளாகவே என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. நிலவறையில் இருக்கும் பிங்பாங் மேஜை முழுக்க வரைபடங்களைப் பரப்பினேன். வேலைக்குப் போகும் வழியெல்லாம், சோள அறுவடை முடிந்து மொட்டையாகக் கிடக்கும் வயல்களின் கடைசியில் எனக்குச் செம்பாறைகள் தெரிந்தன. ஒருநாள் கிப்பன் ஊரில் ஒரு பெட்ரோல் பங்கில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அளவுச் சாடியில் பெட்ரோல் மெல்ல ஏறுவதைப் பார்த்து, அங்கே மாலையில் பாறை மேல் நிழலும் இப்படித்தான் ஏறும் என்று நினைத்துக்கொண்டே இருந்துவிட்டேன். சாடி வழிந்து என் காலணி நனைந்தது. பங்குக்காரர், "சார், தூக்கமா?" என்று கேட்டார். இல்லை, யூட்டாவில் இருக்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஆனால் அக்கா, நாட்டில் பாதிப் பேருக்கு அதே வாரத்தில் அதே கனவு. அந்த வளைவு இருக்கும் தேசியப் பூங்காவுக்குள் நுழைய முன்கூட்டியே நேரம் குறித்துச் சீட்டு வாங்க வேண்டும். காலை எட்டு மணிக்குக் கொடுக்க ஆரம்பிப்பார்கள் என்று போட்டிருந்தது. ஏழே முக்காலுக்கே கணினி முன்னால் காபியோடு உட்கார்ந்தேன். எட்டு ஆயிற்று, திறக்கவில்லை. எட்டரை ஆயிற்று, அப்போதும் இல்லை. என் கணினிக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அதை அணைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். எட்டு மணி என்றது யூட்டாவின் மலைப்பகுதி நேரம், அப்போது நமக்கு ஒன்பது! மதியம் வந்து பார்த்தால் எங்கள் வாரம் முழுக்கச் சீட்டு தீர்ந்து சாம்பல் நிறமாகக் கிடந்தது. ஊரார் அளவையெல்லாம் சரிபார்த்தவன் ஒரு மணி நேரம் பிசகியிருக்கிறேன். போகட்டும், இன்னொரு பூங்காவின் முகட்டுப் பாதைக்குக் குலுக்கல் சீட்டு இருக்கிறதே என்று நான்கு பேர் பெயரையும் போட்டேன், விழவில்லை. தங்க இடமாவது கிடைக்கட்டும் என்று 'செம்பாறை விடுதி'யில் அறை பிடித்தேன். இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறதே என்று ஒரு வாரம் மார்தட்டிக்கொண்ட பிறகுதான் அது தெற்கு டகோட்டாவில் இருப்பது தெரிந்தது.

இதில் எதையும் வீட்டில் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்குக் காரணம் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நடந்தது. அதை நிதானமாகச் சொல்கிறேன்.

அன்றைக்கு ஓர் ஒத்திகை வைத்தேன். சாமான்களை ஏற்றினால் வண்டி எவ்வளவு தாழ்கிறது, யார் எங்கே உட்கார்ந்தால் யார் முழங்கால் யார்மேல் இடிக்கிறது என்று பார்த்துவிட வேண்டாமா? கூடாரம், குளிர்ப்பெட்டி, ஆளுக்கு நாளுக்கு ஒரு கேலன் கணக்கில் தண்ணீர் கேன்கள், எல்லாவற்றையும் வாசலில் நின்ற வண்டியில் ஏற்றினேன். கொரின் கால்நடை மருத்துவமனையில் வேலை செய்கிறாளே, சரியாக அந்த நேரம் பார்த்துக் கன்று போட முடியாமல் தவிக்கும் பசு ஒன்றுக்காக அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஹேட்டி மட்டும் கம்பளி, தலையணை, பொம்மை முயல் சகிதம் வந்து பின்னால் ஏறிக்கொண்டாள். நான் பயணத் திட்டத்தை எடுத்து வாசித்தேன். "ஏழு பத்துக்கு நார்த் பிளாட். எட்டரைக்கு ஓகலாலா."

"இப்ப எங்க இருக்கோம்?" என்றாள் ஹேட்டி.

"வாசல்ல."

"அப்படிச் சொல்லாதீங்க. இப்ப எங்க இருக்கோம்?"

அப்போதுதான் எனக்கு ஆட்டம் புரிந்தது. "கொலராடோ எல்லை வந்துடுச்சு" என்றேன். அவள் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டாள். வெளியே பனி விழ ஆரம்பித்தது, சூட்டுக்காக எஞ்சினை ஓடவிட்டேன்.

பனி நின்றபாடில்லை. கண்ணாடிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. உள்ளே வெளிச்சம் நீலமாகி, பாலுக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் ஆகிவிட்டது. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை நான் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றிப் பனியைத் தள்ளிவிட்டு வந்தேன், கற்பனையாக இருந்தாலும் பாதுகாப்பு முக்கியம் இல்லையா. டென்வரைத் தாண்டும் சமயம் பின்கதவு திறந்தது. மேரன். தலையெல்லாம் பனி.

"வீட்ல கரண்ட் போயிடுச்சு. சார்ஜ் போட வந்தேன்" என்றாள். ஹேட்டியின் கம்பளியில் பாதியை இழுத்துக்கொண்டாள். "நீங்க ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?"

"மலை ஏறிட்டு இருக்கோம். பேசாத, காது அடைக்குது" என்றாள் ஹேட்டி.

நான் வாசிப்பதை நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். பெரியவள் சிரித்துவிடுவாளோ என்று கூச்சம். ஆனால் ஹேட்டி விடவில்லை. சுரங்கப்பாதையைக் கடந்தோம், இறக்கத்தில் பிரேக் போட்டோம். கொஞ்ச நேரம் கழித்து, போனிலிருந்து தலை நிமிராமலே மேரன், "கிளென்வுட்ல நிறுத்தலியா? அங்க வெந்நீர் ஊத்து இருக்கு" என்றாள். நான் உடனே நிறுத்தினேன். நாற்பது நிமிஷம் குளித்தோம். குளிர்ப்பெட்டியைத் திறந்து, ஒத்திகைக்கென்று செய்து வைத்திருந்த சாண்ட்விச்சுகளை நிஜமாகவே சாப்பிட்டோம்.

சாப்பிட்டுக்கொண்டே மேரன் சொன்னாள்: "எங்கப்பாவும் இதே மாதிரிதான். மூணு வருஷம் பிளான் போட்டாரு. மேப்பெல்லாம் வாங்கினாரு. எனக்குத் தொப்பி கூட வாங்கிட்டாரு."

"போனீங்களா?"

"தொப்பி சின்னதாயிடுச்சு."

அவள் அப்பா டேல் இப்போது ஃபீனிக்ஸில் இருக்கிறார், பாலைவனத்துக்கு அவர் மட்டும் போய்விட்டார். நான், "இன்னும் ரெண்டு மணி நேரத்துல இன்டர்ஸ்டேட் ஹைவேய விட்டு இறங்கிடுவோம்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

பிறகு யூட்டா எல்லையைத் தாண்டினோம். வண்டியின் உறுமல் மட்டும். ஹேட்டி தன் அக்கா தோளில் சாய்ந்து தூங்கினாளா விழித்திருந்தாளா தெரியாது. நானும் பாதி கண்ணை மூடியிருந்தேன். சாயங்காலம் மேகத்துக்கு அடியில் ஒரு கோடாக வெயில் வந்திருக்க வேண்டும். முன்கண்ணாடியில் படிந்திருந்த பனி முதலில் ரோஜா நிறமாகி, பிறகு செங்கல் நிறமாகி, அங்கங்கே தகதகவென்று எரிய ஆரம்பித்தது. காற்று அதை அரித்திருந்த இடங்களில் வளைவும் தூணும் குகையும் தெரிந்தன. எங்கள் மூவர் முகத்திலும் அந்த வெளிச்சம்.

"வந்துட்டோம்" என்றாள் ஹேட்டி, மிகவும் மெதுவாக.

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். மேரனின் போன் மடியில் கிடந்தது. அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு விட்டால் உருகிவிடும் என்பதுபோல் இருந்தோம். எத்தனை நிமிஷம் என்று நான் அளக்கவில்லை, என் வாழ்க்கையில் நான் அளக்காத நேரம் அது ஒன்றுதான்.

அப்புறம் ஒரு கையுறை வந்து பக்கத்துக் கண்ணாடியில் இருந்த பனியை வழித்தது. கொரின்.

"மூணு பேரும் உள்ள என்னதான் பண்றீங்க?"

"சீட்டு வாங்கிட்டீங்களா அம்மா? சீட்டு இல்லாம உள்ள விட மாட்டாங்க" என்றாள் ஹேட்டி.

"இப்பத்தான் முழங்கை வரைக்கும் கைய விட்டு ஒரு கன்னுக்குட்டிய இழுத்துட்டு வர்றேன். கதவத் திறடி!"

"வண்டி நிறுத்த இடமில்ல மேடம். ஃபுல். போயிட்டு அடுத்த வருஷம் வாங்க" என்றாள் மேரன், அதிகாரிக் குரலில். சொல்லிவிட்டு, முன்னால் எட்டி என்னைப் பார்த்துச் சிரித்தாள். என்னைப் பார்த்து, அக்கா.

இப்போது புரிகிறதா? பூங்காச் சீட்டு இல்லை, குலுக்கல் விழவில்லை, விடுதி வேறு மாநிலத்தில். இன்னும் மூன்று வாரம்தான். இதைப் போய் அந்தப் பெண்ணிடம் நான் எந்த முகத்தோடு சொல்வேன்? அதனால்தான் உன் உதவி. வருகிற வியாழக்கிழமை, நாங்கள் சாப்பிட உட்காரும் ஆறு மணிக்கு நீ ஃபோன் செய்ய வேண்டும். இடுப்பு ரொம்ப மோசமாகிவிட்டது, ஏப்ரல் முதல் வாரம் நார்பர்ட் வந்து கூட இருந்தே ஆக வேண்டும் என்று கொரினிடம் சொல்ல வேண்டும். கொஞ்சம் முனகினால் நல்லது. பயணம் உன்னால் நின்றதாக இருந்துவிட்டுப் போகட்டும், நான் இன்னொரு டேல் ஆக வேண்டாம். நீ பொய் சொல்லாதவள் என்று எனக்குத் தெரியும். ஆனால் வலி இருப்பது உண்மைதானே, அளவை மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்லச் சொல்கிறேன். என் தொழிலில் அது குற்றம்தான்.

கொரின் உனக்குத் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். ஹேட்டி அனுப்பிய முயல் படம் உள்ளே இருக்கிறது. உன் இடுப்பு குணமாகி நூறு வருஷம் ஆர்கன் வாசிக்க ஆண்டவர் அருளட்டும். ஆனால் வியாழக்கிழமைக்கு அப்புறம்.

உன் அன்புத் தம்பி,
நார்பர்ட்

பி.கு. ஃபோன் செய்யாதே! இந்தக் கடிதத்தைப் பிங்பாங் மேஜையில் வைத்துவிட்டு மாடிக்குத் தபால்தலை தேடப் போனேன். திரும்பி வந்தால் மேரன் கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். "உங்க அக்காவுக்கு நெஜமாவே இடுப்பு வலியா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப அவங்கள விட்டுடுங்க, பாவம்" என்றாள். பிறகு, "காலையில ஏழு மணிக்கு முன்னாடி உள்ள போயிட்டா சீட்டே வேணாம். பூங்காவோட வெப்சைட்லயே மூணாவது வரியில போட்டிருக்கு. நீங்க படிக்கலியா?" என்றாள். படிக்கவில்லை. அவள் ஜனவரியிலேயே படித்திருக்கிறாள், நான் எப்போது சொல்வேன் என்று காத்திருந்தாளாம். பூங்காவுக்குப் பக்கத்து ஊரான மோவாபுக்கு வெளியே பண்ணை ஒன்றில் கூடாரம் போட இடமும் கண்டுபிடித்து, படிவத்தை அச்செடுத்துக்கொண்டு வந்து என் எதிரிலேயே நிரப்பினாள். வருகிறவர்கள் யார் யார், என்ன முறை என்று ஒரு கட்டம். கொரினுக்கு நேரே அம்மா, ஹேட்டிக்கு நேரே தங்கச்சி. என் பெயருக்கு நேரே பேனா கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் 'டிரைவர்' என்று எழுதினாள். "வேற என்ன போடறதுன்னு தெரியல" என்றாள், காது சிவந்துபோய். அதுவே சரி என்றேன். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினாள். அக்கா, கல்யாணப் பதிவேட்டில்கூட நான் இவ்வளவு நிதானமாகக் கையெழுத்துப் போட்டதில்லை.