கொடிகாமத்தில் நின்ற மீன்லொறி

வடபகுதியில் போக்குவரத்துப் பொலிசுக்குப் பயப்படும் லொறிக்காரர் எத்தனையோ பேர். போக்குவரத்துப் பொலிசே பயந்த லொறிக்காரர் ஒரே ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மயிலிட்டித் துறைமுகத்தில் அவர் தராசு அண்ணை.

ஒரு பக்கம் சாய்ந்த எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தேத்தண்ணிக் கடையில் மூன்று பேருக்கு நான்கு வடை வந்தால் நாலாவதை மூன்றாகப் பிய்ப்பார். துண்டுகள் சமமாகும்வரை யாரும் வாயில் வைக்க முடியாது. லொறியை ஓரம்கட்டி அதற்குள்ளேயே கண்ணயரும்போதும் சீற் பெல்ற் போட்டிருப்பார். ரயரின் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று அளப்பதற்காக, அளவு குறித்த ஈர்க்கு ஒன்று எப்போதும் அவருடைய சட்டைப்பையில் இருக்கும். சட்டம் கடுமையாக இருப்பதில் அவருக்கு வருத்தமே இல்லை. இன்னும் இறுக்கலாம் என்பார். லொறிக்கு ஒரு மாதிரியும் மணல் டிப்பருக்கு இன்னொரு மாதிரியும் அது நடப்பதுதான் அவரை அரித்தது.

நான் அப்போது ஒரு மீன் முதலாளியிடம் வேலை செய்தேன். கொழும்புக்கு மீன் போகும் நாட்களில் லொறியில் கூடப் போக வேண்டும். அப்படி ஒருநாள், உச்சி வெயிலில், கொடிகாமத்தில் எங்களை மறித்தார்கள். மறித்தவர் தெற்கிலிருந்து புதிதாக வந்த இளம் பொலிஸ்காரர். அவருக்குத் தமிழ் வராது. அண்ணைக்குச் சிங்களம் விளங்கும், கதைக்க வராது. குருநாகலில் கொஞ்சக் காலம் வேலை செய்து சிங்களம் பழகிய பாவத்துக்கு நான் நடுவில் நின்றேன்.

லொறியின் பின்விளக்கு ஒன்று உடைந்திருந்தது. காலையில் ஐஸ் ஏற்றும்போது இடித்திருக்க வேண்டும். அண்ணை குனிந்து பார்த்தார்.

"ஓம், பிழைதான். எழுதச் சொல்லு."

பொலிஸ்காரர் எழுதிக்கொண்டிருக்கும்போதே மணல் டிப்பர் ஒன்று எங்களை உரசுவதுபோலப் பறந்தது. மேலே தார்ப்பாய் இல்லை. எங்கள் தலையிலும் பொலிஸ்காரர் எழுதிய தண்டச் சீட்டிலும் மணல் கொட்டியது. அவர் சீட்டைத் தட்டிவிட்டுத் தொடர்ந்து எழுதினார்.

"தம்பி, உவருக்குக் கண் தெரியாதோ எண்டு கேள்."

டிப்பர்கள் சற்று வேகமாகப் போவதாக அண்ணை கவலைப்படுகிறார் என்று நான் சிங்களத்தில் சொன்னேன்.

"நான் கேட்டது உவ்வளவு நீளமில்லை," என்றார் அண்ணை.

சீட்டை வாங்கிக்கொண்டு போகச் சொன்னார் பொலிஸ்காரர். அண்ணை வாங்கவில்லை. லொறியைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டு பக்கத்து மதகில் உட்கார்ந்துவிட்டார்.

"அடுத்த டிப்பரை மறிக்கட்டும். அதுக்குப் பிறகு எனக்குத் தரட்டும்."

பொலிஸ்காரரின் முகம் சிவந்தது. கடமைக்கு இடையூறு என்று எழுதி, லொறியையும் எங்கள் இருவரையும் ஸ்ரேசனுக்குக் கொண்டுபோவேன் என்றார். அதை மட்டும் நான் ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். அண்ணை அசையவில்லை. லொறியின் பின்னால் ஐஸ்தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. முதலாளியின் அழைப்பு என் கைபேசியில் மூன்றாவது முறை அடித்து ஓய்ந்தது. கடைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள்.

தூரத்தில் இன்னொரு டிப்பர் தெரிந்தது.

பொலிஸ்காரர் அண்ணையைப் பார்த்தார். கூடி நின்றவர்களைப் பார்த்தார். பிறகு நடுவீதிக்குப் போய்க் கையை நீட்டினார். டிப்பர் பிறேக் பிடித்தது, ஆனால் நிற்கவில்லை. வழுக்கி, ஒரு பக்கம் இழுத்து, அவருக்கு இரண்டு முழம் முன்னால் வந்துதான் நின்றது. அவர் கை நீட்டியபடியே நின்றார்.

இறங்கிய றைவர் மெலிந்த மனிதர். அண்ணை ஈர்க்கை எடுத்துக்கொண்டு முன்ரயரிடம் போனார். அளக்க அதில் பள்ளமே இல்லை, தேய்ந்து உள்நூல் தெரிந்தது.

"முதலாளியிட்டை எத்தினை தரம் சொல்லிப்போட்டன், அண்ணை. ஓட ஏலாட்டி விட்டிட்டுப் போ எண்டுறார்," என்றார் றைவர்.

பொலிஸ்காரர் அந்த மனிதரின் பெயரை எழுதத் தொடங்கினார். அண்ணையின் முகம் மாறியது. ரயர் முதலாளியுடையதென்றால் முதலாளியின் பெயரை எழுதச் சொல்லு என்றார். நான் சொன்னேன். இந்தச் சீட்டில் றைவரின் பெயருக்கு மட்டும்தான் இடம் என்றார் பொலிஸ்காரர். பிறகு குரலைத் தாழ்த்தி, இந்தப் பெரிய இடத்து வண்டிகளை மறித்தால் தனக்கு என்ன நடக்கும் தெரியுமா என்று என்னிடம் கேட்டார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அண்ணைக்கு விளங்கிவிட்டது.

அவர் போய் எங்கள் மேலதிக ரயரை இறக்கினார். இரண்டு வண்டிக்கும் ஒரே அளவு. அந்த வெயிலில் அண்ணையும் டிப்பர் றைவரும் நானுமாகச் சில்லை மாற்றினோம். கழற்றிய நட்டுச் சுரைகள் உருண்டுபோகாமல் பொலிஸ்காரர் தன் தொப்பியில் வாங்கி வைத்திருந்தார். கடைசியில், இந்த டிப்பரிலும் தார்ப்பாய் போடாததற்கு மட்டும் எழுதினார். அது றைவரின் பிழை. அண்ணைக்கு அதில் ஆட்சேபம் இல்லை. தன் சீட்டையும் வாங்கிக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"இப்ப எங்களிட்டை மேலதிக ரயர் இல்லை. அதுவும் பிழை. எழுதச் சொல்லு."

அண்ணை உங்களுக்கு நன்றி சொல்கிறார் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, நான் ஓடிப்போய் லொறியில் ஏறிக்கொண்டேன்.

மீன் கொழும்புக்குப் போனபோது பாதி குழைந்திருந்தது. முதலாளி எங்கள் இருவரையும் இரண்டு கிழமை லொறியில் ஏறவிடவில்லை. டிப்பர் றைவர் ரயரைத் திருப்பிக் கொண்டுவந்தார். அந்த வேலையை விட்டுவிட்டாராம். பொலிஸ்காரர் விரைவிலேயே மாற்றலாகிப் போனார். ஏனென்று யாரும் சொல்லவில்லை. அண்ணை பல நாட்கள் கொடிகாமத்தைக் கடக்கும்போது அந்த மதகடியில் வேகத்தைக் குறைத்து, பொலிஸ்காரர் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு ஓட்டினார்.

பிறகு அவருக்குக் கண் மங்கியது. ஒருவரும் கண்டுபிடிக்க முன்னரே, தானே போய்ச் சாரதி அனுமதிப்பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். இப்போது சந்தைக்கு அவரை என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகிறேன். வேகம் கொஞ்சம் கூடினாலும் பின்னாலிருந்து தோளில் ஒரு தட்டு விழும். சில நாட்களில் வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டுகிறேன்.