மானைச் சாப்பிடக் கூப்பிட்ட கூலிங் பாய்

காரைக்கால் மாவட்டத்தில் கூலிங் பாய்க்குத் தெரியாமல் ஒரு வீடும் குளிர்ந்தது கிடையாது. பூவத்திலிருந்து நெடுங்காடு வரை எந்த வீட்டு ஏசி இருமினாலும் தலத்தெருவில் இவருக்குத் தும்மல் வரும். துபாயில் இருபது வருஷம் ஏசி மாட்டியவர். சொந்தப் பெயர் என்னவென்று அவரே ரேஷன் அட்டையைப் பார்த்துத்தான் சொல்வார். பேச்சு மட்டும் எந்த வெப்பநிலையிலும் நிற்காது.

போன பங்குனியில் எங்கள் வீட்டு ஏசியைப் பார்க்க ஏணியில் ஏறினார். கீழே எனக்கும் என் மனைவி சாந்திக்கும் சண்டை. கோடிக்கரை சரணாலயத்தில் வெளிமான் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. இரண்டு தடவை கூட்டிப் போயிருக்கிறேன். முதல் தடவை மழையைக் காட்டினேன், அடுத்த தடவை மான் புழுக்கையைக் காட்டினேன்.

"இந்தத் தடவையும் மான் வரலன்னா, இனிமே ஒங்களோட தெருமுனைக்குக்கூட வர மாட்டேன்" என்றாள்.

"எப்பக் கெளம்பணும் தங்கச்சி?" என்று ஏணியிலிருந்து குரல் வந்தது. பாய் இறங்கி வருவதற்குள் காரின் முன்சீட் அவருக்கு என்று முடிவாகிவிட்டது.

நாங்கள் தங்கியது சரணாலயத்தை ஒட்டிய ஒரு பசுமை விடுதி. மண் சுவர், கீற்றுக் கூரை, சூரிய ஒளியில் எரியும் விளக்கு, ஆளுக்கு இரண்டு வாளித் தண்ணீர். ஏசி கிடையாது. மீனே இல்லாத மீன் மார்க்கெட்டுக்கு வந்தவர் போல பாய் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னா சார், மனுசன் தங்குற எடமா இது?"

பையிலிருந்து வெப்பமானியை எடுத்தார். வெளியே முப்பத்தைந்து, அறைக்குள் இருபத்தெட்டு. நம்பாமல் மறுபடி பார்த்தார். உதறிவிட்டுப் பார்த்தார். கருவிமேல் சந்தேகப்பட்டுத் தன் அக்குளில் வைத்தும் பார்த்தார்.

"நம்ம பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டானுவளே!" என்று புலம்பியவர், அதே அறையில் படுத்து இரண்டு மணி நேரம் குறட்டை விட்டார். எழுந்ததும் சுவரைத் தட்டிக் காட்டி, "இதுக்கு சர்வீஸ் யாரு பாக்குறா?" என்று விடுதி மேனேஜரை விசாரித்தார்.

சாயங்காலம் சஃபாரி. வேனில் கொண்டுபோய் ஒரு கீற்று மறைப்புக்குள் எங்களை உட்கார வைத்த வழிகாட்டி, "சத்தமே வரக்கூடாதுங்க. சின்னச் சத்தம் கேட்டாலும் மான் ஓடிரும்" என்றார்.

"மூச்சு விடலாமுல்ல?" என்றார் பாய்.

கால் மணி நேரம் தாக்குப்பிடித்தார். பிறகு பசி வந்துவிட்டது. மடியிலிருந்த டிபன் கேரியரைத் திறந்தார். உள்ளே இடியாப்பம், பக்கத்து அடுக்கில் கறி ஆணம், அதாவது கறிக்குழம்பு. பாய் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பாட்டு மூடியைத் திறந்தால், கண்ணில் படுகிறவர் யாராக இருந்தாலும் கூப்பிடாமல் ஒரு வாய் உள்ளே போகாது. போஸ்ட்மேனையும் கூப்பிடுவார், பக்கத்து வீட்டுக்கு வந்த விருந்தாளியையும் கூப்பிடுவார். அன்று மூடி திறந்த அதே நொடியில் புல்லுக்குள்ளிருந்து ஐந்து தலைகள் நிமிர்ந்தன. முறுக்குக் கொம்போடு ஓர் ஆண் மான் நேராகப் பாயைப் பார்த்தது.

"வாங்க வாங்க! சாப்புடலாம், வாங்க!"

மான்கள் வரவில்லை. அப்போதுதான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்த சாந்தி, அதை மாட்டிக்கொண்டு பார்த்தபோது புழுதி மட்டும்தான் இருந்தது. அவள் பாயை ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் பார்த்தாள். எனக்குத் தெருமுனை ஞாபகம் வந்தது.

இரவுச் சாப்பாட்டில் பாய் வாயையே திறக்கவில்லை, சாப்பிடுவதற்குக்கூட. "தங்கச்சி ஆசையக் கெடுத்துட்டேனே சார்" என்று ஒரே ஒரு தடவை மட்டும் சொன்னார். அவர் பேசாமலிருந்தது எனக்கு பயமாகவே இருந்தது.

ஊர் திரும்பும் முன் மறுநாள் காலையில் இன்னொரு சுற்று இருந்தது. பாய் துண்டால் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். கேரியர் இல்லை. மறைப்புக்குள் எங்களுக்குப் பின்னால், கீற்றைப் பார்த்தபடி திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

வெகுநேரம் கழித்து அவை வந்தன. பதினோரு மான்கள். ஒரு குட்டி எந்தக் காரணமும் இல்லாமல் துள்ளித் துள்ளிக் குதித்தது. சாந்தி என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் விரலில் பதிந்துவிட்டது. நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்லி முடியாது.

"பாய், திரும்பிப் பாருங்க" என்று கிசுகிசுத்தேன். கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டி மறுத்தார். கூட்டம் மேய்ந்து நகர்ந்து கண்ணுக்கு மறைந்தபிறகுதான் துண்டை அவிழ்த்தார்.

"தங்கச்சி பாத்துச்சா?"

"பாத்தேண்ணே" என்றாள் சாந்தி. "நீங்கதான் பாக்கவே இல்லையே?"

"பாத்தா கூப்புட்டுருவேன், தங்கச்சி."

அடுத்த மாதம் மறுபடியும் கோடிக்கரை போகிறோம். பாய்க்கு ஒரு மானையாவது காட்டாமல் சாந்தி ஊர் திரும்ப மாட்டாளாம்.