எதிர்க்கப் போன இடத்தில் பொன்னாடை

இரண்டு கைகளாலும் பொன்னாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒருவர் சிரித்த முகத்தோடு நம்மை நோக்கி வருகிறார். மண்டபமே கைதட்டுகிறது. அந்த நேரத்தில் ‘வேண்டாம்’ என்பதை எப்படிச் சொல்வது? குனிந்து தப்பிப்பதா, அவர் கையைப் பிடித்து நிறுத்துவதா? நடந்து பல மாதங்கள் ஆகிவிட்டன. கணவரின் குளியல் துண்டை வைத்துக் கண்ணாடி முன்னால் ஒத்திகைகூடப் பார்த்துவிட்டேன். இன்னும் விடை தெரியவில்லை.

ஓசூருக்குப் பக்கத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய சின்ன ஊரில் இருக்கிறோம். (ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்பது என் கணவரின் கட்டளை அல்ல, கெஞ்சல்.) சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். அவருக்கு ஜூஜுவாடி போகும் வழியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. வீடு மூன்றாவது மாடியில், ஒற்றைப் படுக்கையறை. என் மகள் யாழினி அந்த அறையில் நாலு எட்டு ஓடினால் போதும், இரண்டாவது மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் கம்பை எடுத்துத் தன் கூரையைத் தட்டுவார். அதனால் எங்கள் வீட்டில் ‘மெதுவா நட’ என்பதுதான் நான் அதிகம் சொல்லும் வாக்கியம்.

மெதுவாக நடக்க வேண்டாத ஒரே இடம் பீச். ஆமாம், பீச்தான். இந்த ஊருக்கும் கடலுக்கும் சம்பந்தமே கிடையாது. ஏரிக்கரையில் யாரோ புண்ணியவான் காலத்தில் நாலைந்து லாரி மணல் கொட்டி, இரண்டு ஊஞ்சலும் ஒரு சறுக்குமரமும் போட்டிருக்கிறார்கள். ஊரே அதற்கு பீச் என்று பெயர் வைத்துவிட்டது. அலை இல்லாத குறையைச் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிள்ளைகளின் கூச்சல் தீர்த்துவிடும்.

யாழினி மூன்று வயது வரை பேசவில்லை. நான் பயப்படுவதில் பட்டம் வாங்கியவள். காது கேட்கிறதா என்று சோதிக்க அவள் முதுகுக்குப் பின்னால் தட்டுகளைக் கீழே போட்டிருக்கிறேன். (வீட்டுக்காரர் கம்பு உடைந்தது அப்போதுதான்.) கிருஷ்ணகிரியில் பார்த்த டாக்டர், “காதெல்லாம் நல்லா இருக்கும்மா. பேசுறதுக்கு ஆள் வேணாமா? பிள்ளைங்களோட விடுங்க” என்றார். விட்டேன். தினமும் சாயங்காலம் மணலில் விட்டேன். தமிழ், தெலுங்கு, கன்னடம், நடுவில் கொஞ்சம் இந்தி என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே மணலைத்தான் தோண்டின. மூன்றாவது மாதம் ஒரு குழந்தை இவள் வாளியைப் பிடுங்கியபோது, யாழினி ஊரே திரும்பிப் பார்க்கும்படி, “நந்து!” என்று கத்தினாள். கன்னடத்தில் ‘என்னோடது’. நான் மணலிலேயே உட்கார்ந்து அழுதேன். மாமியாருக்குப் போன் போட்டால், “நம்ம பாசையில சொல்லலையா?” என்றார்.

அந்த மணலுக்குத்தான் ஒரு நாள் பலகை வந்தது. ‘ஏரிக்கரை மேம்பாட்டுத் திட்டம்.’ கண்ணாடி வைத்த உணவகம், படகு, சுற்றிலும் வேலி, வாசலில் டிக்கெட் கவுண்டர். படத்தில் எல்லோரும் வெயில் படாத மனிதர்களாக இருந்தார்கள். ஒரு குழந்தைகூட இல்லை. மணல் இருந்த இடத்தில் கார்கள் நின்றன.

“பாத்தியா பாப்பா அம்மா,” என்றார் ராமக்கா. மணலுக்கு ஓரத்தில் வேகவைத்த கடலை விற்பவர். வீட்டில் தெலுங்கு, வியாபாரத்தில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். “கார் நிக்கறதுக்கு எடம் போட்டுக்கறாங்கோ. நான் எங்க நிக்கறது? கூரை மேலயா?”

பக்கத்தில் நஞ்சப்பா. கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் ஏரியை ஆறு சுற்றும், சாயங்காலம் ராமக்கா கடையை ஆறு சுற்றும் சுற்றுவார். “கருத்துக் கேட்புக் கூட்டம் வெச்சிருக்காங்களாம். நீ படிச்ச பொண்ணு. நீ பேசு” என்றார்.

நான் இரண்டு பக்கம் எழுதினேன். குக்கரைப் பார்த்துப் பேசிப் பழகினேன். குக்கர் சரியான இடங்களில் விசில் அடித்தது. நம்பிக்கை வந்துவிட்டது.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில், வேலை நாள் காலை பதினொரு மணிக்கு. ஆண்களெல்லாம் கம்பெனியில் இருக்கும் நேரம். பதினான்கு அம்மாக்கள், ராமக்கா, நஞ்சப்பா, இடுப்பில் யாழினியோடு நான். வாசலில் ஒரு பெண் ஆளுக்கொரு படிவம் கொடுத்து, “இத எழுதிக் குடுத்தாதான் பேச விடுவாங்க” என்றாள்.

விபத்து இங்கேதான் நடந்தது. படிவத்தில் ‘திட்டம் குறித்த கருத்து’ என்பதற்கு ஒரே ஒரு கோடு. அதற்குக் கீழே ‘சேர்க்க விரும்பும் வசதிகள்’ என்று, எண் போட்டுப் பத்துக் கோடுகள்.

நான் பள்ளிக்கூடத்தில் எந்தக் கேள்வியையும் விடாமல் எழுதிய பிள்ளை. தெரியாத கேள்விக்கும் முக்கால் பக்கம் எழுதுவேன். என் எதிர்ப்பு முழுவதும் அந்த ஒரு கோட்டில் அடங்காது என்பதால், மிகவும் யோசித்து, ‘விரிவாக நேரில் பேசுகிறேன்’ என்று எழுதினேன். பிறகு பத்துக் கோடுகள் காலியாகக் கிடந்து என்னைப் பார்த்தன. காலியாக விட்டால் படிவம் செல்லாது என்று சொல்லிவிட்டால்? பேச விடாவிட்டால்? எழுத ஆரம்பித்தேன். நிழல். குடிதண்ணீர். கழிப்பறை. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க ஓர் அறை. ஊஞ்சல் இன்னும் இரண்டு. பத்தையும் நிரப்பி, பதினொன்றாவதை ஓரத்தில் எழுதினேன்.

அதோடு நின்றிருந்தால் ஒருத்தியின் முட்டாள்தனமாகப் போயிருக்கும். எங்கள் அம்மாக்களில் பாதிப் பேர் எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னடத்திலோ, தெலுங்கிலோ படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், எழுத வராது. “அக்கா, எனக்கும் எழுதிக் குடுங்க” என்று ஒவ்வொருவராக நீட்டினார்கள். தமிழ் எழுதத் தெரிந்தவர்களும், “உங்க கையெழுத்து நல்லா இருக்கு” என்று நீட்டினார்கள். பதினான்கு பேருக்கும், ராமக்காவுக்கும், நஞ்சப்பாவுக்கும் நானே எழுதினேன். அதே ‘நேரில் பேசுகிறேன்’. அதே பத்து வசதிகள். முத்து முத்தான கையெழுத்தில்.

சிறிது நேரத்தில் மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். பேசத்தான் கூப்பிடுகிறார்கள் என்று இரண்டு பக்கத்தையும் கையில் எடுத்துக்கொண்டு மேடை ஏறினேன். மேடையில் இருந்த அதிகாரி படிவக் கட்டைத் தூக்கிக் காட்டினார்.

“எதிர்ப்பு வரும்னு சொன்னாங்க. ஆனா நம்ம தாய்மார்களப் பாருங்க! ஒருத்தர் விடாம பத்துப் பத்து யோசனை. திட்டத்த எவ்வளவு ஆசையா எதிர்பாக்கிறாங்க! எல்லாத்தையும் முன்னின்று செஞ்ச இந்தச் சகோதரிய கௌரவிக்கிறோம்.”

பொன்னாடை வந்தது. சிவப்பு, ஓரத்தில் ஜரிகை. என் மேல், யாழினி மேல், என் இரண்டு பக்கப் பேச்சின் மேல் எல்லாம் சேர்த்துப் போர்த்தினார்கள். மைக்கை வாய்க்கு நேரே நீட்டினார்கள். பரிசு வாங்கினால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

“நன்றி” என்றேன்.

அவ்வளவுதான் என் சொற்பொழிவு. “இல்ல, நாங்க வந்தது...” என்று தொடங்குவதற்குள் மைக் போய், டீ வந்துவிட்டது. கீழே பார்த்தேன். எங்கள் அம்மாக்களும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஏதோ நல்லது நடந்துவிட்டதென்று நினைத்துவிட்டார்கள், பாவம். ராமக்கா மட்டும் கைதட்டவில்லை.

மறுநாள் உள்ளூர்ச் செய்தியில் படம்: ‘ஏரிக்கரைத் திட்டத்துக்குத் தாய்மார்கள் வரவேற்பு’. கணவர் கம்பெனியிலிருந்து போன் செய்தார்.

“என்னத்த பண்ணி வச்சிருக்க? கேன்டீன்ல எல்லாரும் எனக்குக் கை குடுக்காங்க!”

“என்னங்க, நான் எதுக்கத்தான் போனேன்.”

“எதுத்தவங்களுக்கு சால்வை போர்த்துனத இப்பத்தான் பாக்கேன்.”

சாயங்காலம் பீச்சுக்குப் போகவே கால் வரவில்லை. யாழினி இழுத்துக்கொண்டு போனாள். ராமக்கா என்னைப் பார்த்ததும் கடலை வெந்த பாத்திரத்தை மூடினார்.

“வாம்மா, பெரிய மனுசி. சால்வ மடிச்சு பீரோல வெச்சிக்கினியா?”

“ராமக்கா, தெரியாம...”

“தெரியாமயா? என் பேர்ல பத்து எழுதிக்கிறயே. நான் கேட்டது ஒண்ணு. இங்க நிக்கணும். அத எழுதினயா நீ?”

எழுதவில்லை. பதினாறு பேருக்கு எழுதினேன், ஒருவரிடம்கூட ‘உங்களுக்கு என்ன வேண்டும்’ என்று கேட்கவில்லை. அன்று நான் தூங்கவில்லை. நான் எதிர்க்கக் கிளம்பியதே சரிதானா, தப்பா, இனி வாயே திறக்காமல் இருந்துவிடலாமா என்று புரண்டேன். ஆனால் மாலையில் அந்த மணலில் என் மகள் மூன்று மொழியில் சண்டை போட்டுக்கொண்டிருந்ததுதான் கண்ணில் நின்றது. அந்த இடத்தில் கார் நிற்கக் கூடாது. அது மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்தது. எனக்குச் சந்தேகமில்லாமல் எதுவும் தெரிவது அபூர்வம். அதனால் எழுந்துவிட்டேன்.

அடுத்த இரண்டு வாரம் ஷிப்ட் கணக்கில் வீடு வீடாகப் போனேன். காலை ஷிப்ட்காரர்களைச் சாயங்காலம், இரவு ஷிப்ட்காரர்களைப் பகல் தூக்கம் கலைத்து. (வாங்கிய திட்டுகளும் மூன்று மொழியில்.) ஆளுக்கொரு வெள்ளைத்தாள். அவரவர் மொழியில், அவரவர் கையால். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல, அந்த வீட்டுப் பிள்ளை எழுதியது. நான் பேனாவைத் தொடவில்லை. நஞ்சப்பா கன்னடத்தில் நாலு பக்கம் எழுதினார். ராமக்கா தெலுங்கில் ஒரே வரி எழுதி, “இத மாத்தாத” என்று என்னிடம் விரல் நீட்டினார்.

கடிதக் கட்டோடும் பொன்னாடையோடும் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர், “கருத்துக் கேட்பு முடிஞ்சிருச்சும்மா. உங்க ஆதரவத்தான் பதிவு பண்ணிட்டமே” என்றார்.

“அது தப்பு. இதுதான் எங்க கருத்து. இந்தச் சால்வையையும் திருப்பி எடுத்துக்கோங்க.”

அவர் பயந்துவிட்டார். “சால்வயயா? குடுக்கத்தான்மா எங்ககிட்ட வழி இருக்கு. திரும்ப வாங்கறதுக்கு இல்ல. எந்த ரிஜிஸ்டர்ல ஏத்தறது?”

“சரி, இந்தக் கடிதங்களுக்காவது முத்திரை போட்டுக் குடுங்க.”

“நாளைக்கு வாங்க.”

“இங்கேயே உக்காந்திருக்கேன்.”

அதைச் சொன்னது நான்தானா என்று நானே திரும்பிப் பார்த்தேன். யாழினி மேஜைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். “இது என்ன? இது ஏன்? இது யாருது?” எழுத்தர் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்தார். கடைசியில் ஸ்டாம்ப் பேடைக் காட்டி, “இது ஏன் நீலம்?” என்று அவள் பதினைந்தாவது முறை கேட்டபோது, எல்லாக் கடிதத்திலும் ‘பெறப்பட்டது’ என்று குத்திக் கொடுத்துவிட்டார்.

பலன் இருந்தது. வேலை இப்போதைக்கு நின்றிருக்கிறது. மறுபடி கூட்டம் என்றார்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ராமக்கா யாழினிக்கு மட்டும் கடலை கொடுக்கிறார். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும் போலிருக்கிறது.

வீட்டில் நிலைமை வேறு. பேங்க்கோ, பள்ளிக்கூடமோ, எந்தப் படிவம் வந்தாலும் கணவர் முதலில் என் கையிலிருந்து பேனாவை வாங்கி வைத்துவிடுகிறார். “நீ சொல்லு தாயி, நான் எழுதுறேன்.” சாத்தூரிலிருந்து போன் செய்கிற சொந்தக்காரர்கள், “என்னம்மா, இந்த வாரம் எதை எதுத்து என்ன வாங்குன?” என்றுதான் நலம் விசாரிக்கிறார்கள்.

இப்போது புதிதாக ஒரு கடிதம் வந்திருக்கிறது. ஏரிக்கரைத் திட்டத்துக்கு ஓர் ஆலோசனைக் குழு அமைக்கிறார்களாம். அதில் பொதுமக்கள் சார்பில் என்னை உறுப்பினராக இருக்கச் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். உள்ளே போனால், ‘அவர்களே குழுவில் இருக்கிறார்களே’ என்று சொல்லி வேலியைப் போட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. போகாவிட்டால், அந்த மணலில் ஒரு நாளும் உட்காராத யாரோ அந்த நாற்காலியில் உட்காருவார்கள். நஞ்சப்பா ‘போ’ என்கிறார். ராமக்கா ‘போகாதே’ என்கிறார். இரண்டும் எனக்குச் சரியாகவே படுகிறது.

இதுபோன்ற குழுக்களில் இருந்து பார்த்தவர்கள், உள்ளே போய் ஏமாந்தவர்கள், வெளியே நின்று ஜெயித்தவர்கள் யாராக இருந்தாலும் தயவுசெய்து எழுதுங்கள். நான் என்ன செய்யட்டும்? ‘பேசாமல் விட்டுவிடு’ என்பதைத் தவிர எது எழுதினாலும் கேட்டுக்கொள்கிறேன்.