நான் அழவில்லை என்பதற்கான மருத்துவ விளக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. கண்களைத் தவிர மற்றபடி நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். ஊரெல்லாம் என்னைப் பற்றிப் பேசித் திரிகிறவனுக்கு உடம்புக்கு என்ன குறை? 'அன்புள்ள' என்பதை வழக்கத்துக்காகப் போட்டிருக்கிறேன். அதை வைத்து ஒரு கதை கட்டாதே.

போன மாதம் அக்கா வீட்டில் சாப்பிடும்போது என் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது உண்மை. நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து, எச்சில் கையோடு என்னைக் கட்டிப்பிடித்து, "விடுண்ணா, நான் எப்பவோ மறந்துட்டேன்" என்றதும் உண்மை. என் சட்டை போனது. ஆனால் ஓட்டுநர் தேர்வில் உன்னை ஃபெயில் போட்டதற்கு அண்ணன் அழுது மன்னிப்புக் கேட்டுவிட்டான் என்று மாமா, சித்தி, சம்பந்தி வரைக்கும் போன் போட்டுச் சொன்னாயே, அந்த உரிமையை உனக்கு யார் கொடுத்தது? நீ திரும்பிப் பார்க்காமல் வண்டியைப் பின்னால் எடுத்தாய், எங்கள் அலுவலகச் சுவரில் இடித்தாய். தேர்வு அதிகாரி அண்ணன் என்பதற்காகச் சுவர் நகர்ந்து கொடுக்குமா? அதற்காக வருஷக்கணக்கில் என்னோடு பேசாமல் இருந்தாய். மறுபடி தேர்வுக்கே வராமல், மனைவி வண்டி ஓட்ட, பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து போகிறாய்.

நான் அழவில்லை. எனக்குக் கண் வறட்சி. சிரிக்காதே. நானும் கண் டாக்டரிடம், "தண்ணி கொட்டுதுன்னு வந்தா வறட்சிங்கறீங்களே, என்னம்மா விளையாட்டா?" என்று சத்தம் போட்டேன். அந்தப் பெண் அசரவில்லை. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, விழியின் வெள்ளைப் பகுதியில் சின்னக் காகிதம் ஒன்றை ஒற்றி எடுத்து, ஒட்டிவந்த செல்களைப் பரிசோதனைக்கு அனுப்பினார். "கண்ணோட மேல்பரப்பு செல்லெல்லாம் தட்டையாகித் தோல் மாதிரி ஆயிட்டிருக்கு சார். நடுநடுவுல வழவழன்னு பசை சுரக்கிற செல் இருக்கணும், அது உங்களுக்கு ரொம்பக் கொறஞ்சுபோச்சு. பசை இல்லன்னா கண்ணீர் நிக்காது, எண்ணெய்த் தட்டுல ஊத்தின தண்ணி மாதிரி ஓடிடும். கண்ணு காஞ்சு எரியும், எரியுதேன்னு இன்னும் தண்ணி விடும்" என்றார். வறண்டால் செல் மாறுமாம், செல் மாறினால் இன்னும் வறளுமாம். கண்டவன் காரிலெல்லாம் முன்சீட்டில் உட்கார்ந்து முகத்துக்கு நேரே ஏசிக் காற்று வாங்கியதும் ஒரு காரணமாம்.

இதனால் நான் படும் பாடு உனக்கு எங்கே தெரியப்போகிறது? நேற்று தேர்வுத் தடத்தில் வைத்த கூம்புகளையெல்லாம் வண்டியால் வரிசையாகச் சாய்த்த ஒரு பெண்ணிடம் ஃபெயில் என்று கடுமையாகச் சொல்ல வாயெடுத்தேன், கண்ணில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அவள் கைக்குட்டையை நீட்டி, "மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க சார், அடுத்த தடவை பாத்துக்கறேன்" என்கிறாள். அதோடு விட்டாளா, வெளியே நின்றவர்களிடம், "ஃபெயில் போட்டா அவரால தாங்க முடியல, பாவம், எல்லாரும் நல்லா ஓட்டுங்க" என்று வேறு சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்கு இளகின மனசு, ஃபைல் வேலைக்கு மாத்திடவா?" என்று கேட்கிறார். இளகின மனசாம், எனக்கு. நான் திட்ட ஆரம்பித்தால் ஆறுதல் சொல்ல ஆள் ஓடி வருகிறது. ஒரு மனிதன் நிம்மதியாகக் கோபப்படக்கூட முடியாதா?

அன்று அக்கா வீட்டில் என் தலைக்கு நேர் மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. காற்றுப் பட்டது, கண் காய்ந்தது, தண்ணீர் வந்தது. அதில் பாசமும் இல்லை, மன்னிப்பும் இல்லை, வெறும் செல் கோளாறு. டாக்டரின் அறிக்கையை நகல் எடுத்து இணைத்திருக்கிறேன். நீ போன் செய்த அத்தனை பேருக்கும் மறுபடி போன் செய்து அதைப் படித்துக் காட்டு. அதுவரை நமக்குள் பேச்சு வார்த்தை கிடையாது.

உன் மனைவிக்கு என் ஆசிகள்; கண்ணாடி பார்த்து ஓட்டுகிற பெண். குழந்தைகளுக்கு முத்தங்கள். உனக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
கோபம் தணியாத அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். "ஏன்டா, அன்னைக்குக் காலையிலேர்ந்து கரண்ட்டே இல்லையே, எந்த ஃபேன் சுத்துச்சு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். யோசித்துப் பார்த்தால் அன்று கண் எரியவும் இல்லை. நீ எதிரில் உட்கார்ந்து, தலையெல்லாம் நரைத்துப்போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வா, வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லித் தருகிறேன். தேர்வுக்கு மட்டும் வேறு அதிகாரியிடம் போ. உன்னை இன்னொரு தடவை ஃபெயில் போட என்னால் ஆகாது.